உப்புத்தோல் சந்தில் ஓதம்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் செம்பூரில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். இன்ஜினியர். முப்பது வயதிருக்கும். தமிழ்ப் பெண்தான், பேசுவாள், படிக்க வராது என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். எண்பதுகளில் நாங்கள் மாஹிம் உப்பங்கழியோரமாக நடந்து நடந்து போட்ட வெள்ள அபாய வரைபடங்களை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். மேடு பள்ளத்தையெல்லாம் ஆகாயத்திலிருந்தே அளந்துவிடுகிறார்கள். முழங்கால் சேற்றில் இறங்கி, நாய்க்குப் பயந்து, வீடு வீடாகக் கேட்டு எழுதுகிற வேலை யாருக்கும் கிடையாது. நல்லதுதான்.

லாப்டாப்பைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். என் கையால் போட்ட நீலக் கோடு.

"அங்கிள், ஒரு டவுட். இந்தக் கோடு கழியை ஒட்டியே அழகா வருது. தாராவியில இந்த ஒரு இடத்துல மட்டும் வளைஞ்சு, ஒரு சந்தை வெளில விட்டுட்டு, திரும்பச் சேர்ந்துக்கறது. அங்க ஏதாவது மேடு இருந்துதா?"

"மேடெல்லாம் காரணமில்லம்மா. இது முதல் மேப். அடுத்த வருஷம் திருத்தினது ஒண்ணு இருக்கும், அதைத் தேடி எடுத்துக்கோ" என்றேன். அவள் சந்தோஷமாகக் காப்பி குடித்துவிட்டுப் போனாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. அந்த வளைவு எப்படி வந்தது என்று தெரிந்தவர்களில் மிச்சமிருப்பது அநேகமாக நான் ஒருவன்தான். எழுதி வைத்துவிடுகிறேன்.

என் பெயர் மணி, மாதுங்காவில் பிறந்தவன். பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம், அப்பா ரயில்வேயில் க்ளார்க். சிவில் டிப்ளமா முடித்தேன். வங்கிப் பரீட்சை இரண்டு எழுதி இரண்டிலும் கோட்டை விட்டேன். மழைநீர் வடிகால் இலாகாவில் சர்வேயர் உத்தியோகம் கிடைத்தது. "சாக்கடை ஆபீஸ்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லவே மாட்டாள். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும். நான் கற்றுக்கொண்டதெல்லாம் கானோல்கர் சாகேப்பிடம்தான்.

கானோல்கர் எங்கள் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர். ஒல்லி மனிதர். ஆபீஸில் கூடப் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வேலை செய்வார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கான்வாஸ் ஷூ, மடித்துவிட்ட பேன்ட், தலையில் தொப்பி, கையில் அளவுகோல். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தித் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். நாம் எதை எழுதிக்கொண்டு போனாலும் அவர் கேட்பது இரண்டே கேள்வி. "கிஸ்னே போலா? கைஸா போலா?" யார் சொன்னது, எப்படிச் சொன்னார்கள்.

முதல் பாடம் பாண்டுப்பில் நடந்தது. மலையடிவாரத்தில் ஒரு ஓடை. அதன் கரையில் இருபது வீட்டில் ஏறி இறங்கி "வெள்ளம் வருமா?" என்று கேட்டேன். இருபது பேரும் "வராது" என்றார்கள். பெருமையாக எழுதிக்கொண்டு வந்து நின்றேன். கானோல்கர் என்னைக் கூட்டிக்கொண்டு அதே தெருவுக்குப் போனார். ஒரு வீட்டில் கட்டிலைக் காட்டினார். நான்கு காலுக்கும் கீழே செங்கல். அடுத்த வீட்டில் ஸ்டவ் தோள் உயரப் பலகையில். அதற்கடுத்த வீட்டில் அரிசி டின் பரணில்.

அந்தக் கட்டில்காரரிடம் அவர் தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை. "மழைக்காலத்தில் எதையெல்லாம் தூக்கி வைப்பீர்கள்?" என்று கேட்டார். அவர் கடகடவென்று சொன்னார். பெட்டி, படுக்கை, அடுப்பு, பையனின் புத்தகம்.

திரும்பும்போது சொன்னார்: "வெள்ளம் என்று கேட்டால் வீட்டை இடித்துவிடுவோமோ என்று பயப்படுவார்கள். அல்லது முழங்கால் தண்ணீரெல்லாம் அவர்களுக்கு வெள்ளமே இல்லை. நீ கேட்கவேண்டியது எதைத் தூக்கினாய், எந்த உயரத்துக்குத் தூக்கினாய். மிச்சத்தை வீடு சொல்லும்."

அதன்பிறகு எங்கள் வேலைக்கு ஒரு ஒழுங்கு வந்தது. கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துக் கழியின் இரண்டு கரையிலும் நடப்போம். தகரச் சுவரில் துரு எதுவரை ஏறியிருக்கிறது, செங்கல்லில் உப்புப் பூத்த வெள்ளை எதுவரை, அலையாத்திச் செடியில் பிளாஸ்டிக் எந்தக் கிளையில் மாட்டியிருக்கிறது, எல்லாவற்றையும் குறிப்போம். ரயில் பாலத்துக் கல்லில் இருக்கும் உயரக் குறியிலிருந்து லெவல் கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு வாசற்படியின் உயரத்தையும் எடுப்போம். ஒவ்வொரு சந்திலும் பகல் முழுக்க வீட்டிலிருக்கிற ஒரு பெண்ணையாவது கேட்டே ஆகவேண்டும். ரிஜிஸ்டரில் அதற்கு ஒரு பத்தி. 'சொன்ன வார்த்தை' என்று தலைப்பு. என்ன பாஷையில் சொன்னார்களோ அந்த பாஷையிலேயே எழுதவேண்டும் என்பது அவர் உத்தரவு.

நான் அதை இங்கிலீஷில் எழுதினேன். தமிழில் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் குழுவில் தமிழன் நான் ஒருவன்தான். தாராவித் தமிழ்ச் சந்துகளை எனக்கு ஒதுக்கியதே அதற்காகத்தான். அதில் எனக்கு ரொம்பத் திமிர்.

கானோல்கரின் திட்டம் இதுதான். கழியின் வாய் ஒரு கதவு. கடல் ஏறியிருக்கும்போது கதவு மூடிக்கொள்ளும். மழைத் தண்ணீர் வெளியே போகாது, போதாததற்குக் கடலும் உள்ளே வரும். பெரிய மழையும் பெரிய ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் யார் வீடு முழுகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஒரு நீலக் கோடு போடவேண்டும். கோட்டுக்குள் இருக்கிற சந்துகளுக்கு அப்படிப்பட்ட நாளில் காலையிலேயே ஜீப்பில் போய் மைக்கில் சொல்லி, ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஜீப் வராது. இருந்தது ஒரே ஜீப்.

உப்புத்தோல் சந்து என்று நாங்கள் சொன்ன இடம் கழிக்கு முதுகு காட்டி நின்ற ஒரு சந்து. தோல் பதனிடுகிற கொட்டகைகளுக்குப் பின்னால் கட்டட இடிபாட்டையும் தோல் கழிவையும் கொட்டி மேடாக்கி, அதன்மேல் ஒரு முப்பது வீடு. சந்தே புதுசு, மூன்று மழைகூடப் பார்க்கவில்லை. அதனால் பழைய நீர்க்குறி எதுவும் கிடையாது. முன்வாசலில் லெவல் வைத்துப் பார்த்தால் சுற்றியிருந்த சந்துகளைவிட உயரம். பின்பக்கம் எப்படி என்று வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால்தான் தெரியும்.

மே மாதம், உச்சி வெயில். உப்புப் போட்டு அடுக்கின தோலின் நாற்றம் மண்டைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஆசாரமான வீட்டுப் பிள்ளை நான். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே நின்றேன். ஒரு வாசலில் ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கதீஜா பீவி. ராமநாதபுரம் கடற்கரைக்காரி, புருஷன் தோல் கொட்டகையில் வேலை.

நான் தமிழில் பேசியதும் அந்த முகம் மலர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. "தமிழாளா தம்பி? வாங்க, உள்ள வாங்க. ஏன் வெயில்ல நிக்கிறீங்க? மோர் தரவா?"

"பரவால்லம்மா, இங்கயே நிக்கறேன். மழை நாள்ல வீட்டுக்குள்ள தண்ணி வருமா?"

பாருங்கள், கேட்கக்கூடாத கேள்வியைத்தான் கேட்டேன். பாண்டுப்பில் படித்ததெல்லாம் அந்த நாற்றத்தில் மறந்துபோயிற்று.

"மழைத்தண்ணி வராது தம்பி. முன்பக்கம் மேடால்ல கிடக்கு. ஓதந்தான் ஏறும்."

"ஓதமா?"

"ஆமா. பின்னால சுவரு வழியா ஏறும். பொறவு தானா வத்திரும். அமாவாசை பௌர்ணமிக்குக் கொஞ்சம் கூட இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீடு தரைத்தளம். மழைக்காலம் பூராவும் அம்மா "செவுரெல்லாம் ஓதம், ஓதம்" என்று புலம்பிக்கொண்டே இருப்பாள். சுவரில் ஈரம் ஏறும், வெயில் வந்தால் வற்றும். இதற்கு அமாவாசை பௌர்ணமி வேறா என்று மனதுக்குள் கேலி செய்துகொண்டேன். 'சுவரில் ஈரம். நீர் புகுவதில்லை' என்று இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினேன். அமாவாசை, பௌர்ணமியை எழுதவில்லை. மோரும் குடிக்கவில்லை.

ராமநாதபுரம் கடற்கரையில் ஓதம் என்றால் கடல் ஏற்றம். அவர்கள் அன்றாடம் புழங்குகிற வார்த்தை. ஓதம் ஏறும், ஓதம் வத்தும். என் மாதுங்கா வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம், சுவர் ஈரம். நான் இந்தியில் கேட்டிருந்தால் அந்த அம்மாள் தெரிந்த அரைகுறை இந்தியில் "ஸமந்தர் கா பானி" என்று சொல்லியிருப்பாள், விஷயம் முடிந்திருக்கும். ஒரு மராத்திக்காரனை அனுப்பியிருந்தால்கூடச் சரியாக எழுதிக்கொண்டு வந்திருப்பான். தமிழ் தெரிந்தவன் போனதால் வந்த வினை அது.

கானோல்கர் மறுநாள் ரிஜிஸ்டரைப் புரட்டினார். அந்த இடத்தில் விரல் நின்றது.

"கழிக்கு இவ்வளவு பக்கத்தில் வெறும் ஈரமா? கிஸ்னே போலா?"

"வீட்டிலேயே இருக்கிற பெண்தான் ஸார்."

"கைஸா போலா? என்ன வார்த்தை?"

"ஓதம் என்றாள் ஸார். ஈரம் என்று அர்த்தம். எங்கள் அம்மாவே தினம் சொல்வாள்."

"நிச்சயமா?"

"ஸார், என் தாய்மொழி."

அதற்குமேல் அவர் என்ன கேட்க முடியும்? முன்வாசல் லெவலும் உயரம்தான் காட்டியது. அவர் தலையசைத்தார். நீலப் பென்சிலை எடுத்து நானே கோட்டை வளைத்தேன். உப்புத்தோல் சந்து வெளியே போயிற்று. கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஜூலையில், நாங்கள் பயந்துகொண்டிருந்த நாள் வந்தது. விடியற்காலையிலிருந்து வானம் பிளந்துகொண்டு கொட்டியது. மதியம் ஒன்றரை மணிக்குப் பெரிய ஏற்றம் என்று கடல் அட்டவணை சொன்னது. ஏழு மணிக்கே ஜீப்பில் கிளம்பிவிட்டோம். மராத்தியும் இந்தியும் டிரைவர் பார்த்துக்கொண்டார். தமிழ் மைக் என் கையில். "கழியோரத்து ஜனங்க எல்லாரும் உடனே ஸ்கூலுக்குப் போங்கோ, குழந்தைகளை எடுத்துக்கோங்கோ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஜனங்கள் நம்பினார்கள். மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உப்புத்தோல் சந்து முனையில் ஜீப் கொஞ்சம் தாமதித்தது. முன்னால் கைவண்டி ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் வேகமாக வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் தூக்குவாளி. வேலைக்குப் போகிற அவசரம் முகத்தில் தெரிந்தது.

"சார், எங்க சந்துக்கும் உண்டுமா? இந்த உப்புத்தோல் சந்துக்கு?"

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நான் போட்ட பட்டியல்தான். இரண்டாவது தடவையும் ஒழுங்காகப் பார்த்தேன். அந்த ஒழுங்கெல்லாம் எனக்கு உண்டு.

"இல்லம்மா. உங்களுக்கு இல்லை. நீங்க தைரியமா போங்கோ."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வீட்டுப் பக்கம் ஓடினாள். கைவண்டி நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம்.

மதியம் நடந்ததைப் பின்னால் பலர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மணிவாக்கில் சந்தின் முன்பக்கம் தெருச்சாக்கடைகூட நிறையவில்லை. பின்பக்கத்துத் தகரத்துக்கு அடியிலிருந்து கடல் வந்தது. சாதாரண நாளில் கணுக்கால் நனைக்கிற அதே ஓதம், மழை வெள்ளம் முட்டுக்கொடுத்ததால் வற்ற இடமில்லாமல் ஏறிக்கொண்டே போனது. அரைமணி நேரத்தில் இடுப்பளவு. ஆம்பிளைகள் வேலைக்குப் போய்விட்ட நேரம். வீட்டிலிருந்த பெண்கள் கிழடுகளையும் பிள்ளைகளையும் பரணில் ஏற்றினார்கள்.

ஒரு வீட்டில் வெளியே பூட்டுத் தொங்கியது. அது பேச்சியம்மாள் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், புருஷன் இல்லை. மாதுங்காவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். நாலு வயதுப் பெண் குழந்தையை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு போவாள். வெளியே விட்டால் குழந்தை கழிப்பக்கம் போய்விடுமே என்று பயம். தாராவியில் நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள், வேறு வழி கிடையாது.

கதீஜா பீவிதான் அந்தக் குழந்தை கத்துவதைக் கேட்டிருக்கிறாள். மார்பளவு தண்ணீரில் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டை அடித்திருக்கிறாள். பூட்டு பெரிய பூட்டு. தண்ணீருக்குள் கையை ஓங்க முடியவில்லை. கடைசியில் கொண்டியே பிய்த்துக்கொண்டு வந்தது. குழந்தையைத் தூக்கி வெளியே கொண்டுவந்தபோது உயிர் இல்லை. அதன் பெயர் செல்வி.

எனக்கு அன்று ஒன்றும் தெரியாது. நான் மறுநாளும் வேறு பக்கம் பம்பு வேலையில் இருந்தேன். ஆபீஸ் காகிதத்தில் 'உப்புத்தோல் சந்து, ஒரு குழந்தை' என்று பார்த்தபோது, அது கோட்டுக்கு வெளியே ஆயிற்றே, என்ன துரதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். மனிதன் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறான் பாருங்கள்.

மூன்றாம் நாள் காலை கதீஜா பீவி ஆபீஸுக்கு வந்தாள். எப்படி வழி கேட்டு வந்தாளோ தெரியாது. இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். நான்கு மேஜை தள்ளிக் கானோல்கர் நின்றுகொண்டு ஏதோ வரைந்துகொண்டிருந்தார்.

"தம்பி, என்னைய அடையாளந் தெரியுதா?"

தெரிந்தது.

"நேத்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தாரு. ஒங்க புஸ்தகத்தைப் பிரிச்சு எங்க சந்துல வச்சு இந்தியில வாசிச்சாரு. கதீஜா பீவின்னு எம் பேரைச் சொல்லி, தண்ணி வராது, ஈரம் மட்டுந்தான்னு நான் சொன்னதா வாசிச்சாரு. சந்தை இடிச்சிருவாங்கன்னு பயந்து நான் மறைச்சிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. பேச்சி எம் மூஞ்சியையே பாக்க மாட்டேங்குறா. நான் அப்படியா சொன்னேன்? ஓதம் ஏறும்னு சொன்னேன்ல? கடல் ஏறுறதை வேற எப்படித் தம்பி சொல்றது?"

கடல் ஏறுவது. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் விளங்கிவிட்டது. அமாவாசை விளங்கியது, பௌர்ணமி விளங்கியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஒண்ணும் வேணாம் எனக்கு. நீங்க வந்து, நான் என்ன சொன்னேன்னு அந்த ஜனங்ககிட்ட ஒரு தடவை சொல்லணும். அந்தச் சந்துல நான் இருக்கணும்ல?"

"அப்புறமா வாங்கோம்மா, நான் பாத்துக்கறேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். எனக்கு வேண்டியதெல்லாம் அவள் அங்கிருந்து போகவேண்டும், அவ்வளவுதான்.

கானோல்கர் தலையைத் தூக்கினார். "மணி, கியா போல் ரஹீ ஹை?" என்ன சொல்கிறாள்?

"சந்தைப் பற்றி ஏதோ புகார் ஸார்" என்றேன் இந்தியில்.

கதீஜா பீவிக்கு அந்த அளவு இந்தி புரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நேராக அவர் மேஜைக்குப் போனாள்.

"ஸாப், மே போலா. ஸமந்தர் ஆதா, ஸமந்தர் ஜாதா. மே போலா. யே லிக்கா நை."

உடைந்த இந்திதான். கடல் வரும், போகும் என்று நான் சொன்னேன், இவன் எழுதவில்லை. கானோல்கர் அலமாரியிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்தார். அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

"மணி. ஓதம் என்றால் என்ன?"

"ஈரம் ஸார்."

"அப்புறம்?"

"கடல் ஏற்றம்."

"வேறு ஏதாவது சொன்னாளா? எழுதாமல் விட்டது?"

"அமாவாசை பௌர்ணமிக்கு அதிகமாக இருக்கும் என்றாள் ஸார்."

ரிஜிஸ்டரை மூடினார். அவர் முகம் சாம்பல் பூத்துப்போயிற்று. நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் கான்வாஸ் ஷூவின் நாடாவைக் குனிந்து கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் "சலியே", போகலாம் என்றார். என்னிடம், "நீயும் வா. தமிழில் சொல்ல ஆள் வேண்டும்."

சந்தில் இன்னும் சேறு வற்றவில்லை. நனைந்த பாய்களும் துணிகளும் எல்லா வாசலிலும் கிடந்தன. எங்களைப் பார்த்ததும் ஜனங்கள் கூடிவிட்டார்கள். கதீஜா பீவியின் பக்கத்தில் மட்டும் ஒருவரும் நிற்கவில்லை. கொண்டி பிய்ந்த கதவுக்கு முன்னால் ஒரு பெண் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். அவள்தான் பேச்சியம்மாள் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கானோல்கர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எளிய இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "இந்த அம்மா சரியாகத்தான் சொன்னார். எங்கள் ஆள் தப்பாக எழுதினான். நான் கையெழுத்துப் போட்டேன். இவர் மேல் ஒரு குற்றமும் இல்லை." பிறகு என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். "கேட்டுக்கோங்கோ. இந்தம்மா சரியாத்தான் சொல்லியிருக்கா. ஆபீஸ்ல தப்பா எழுதிட்டா."

'எங்கள் ஆள்' என்பதை விட்டுவிட்டேன். தெரிந்தேதான் விட்டேன். எங்கள் வீட்டுப் பேச்சில் 'எழுதிட்டா' என்றால் 'எழுதிவிட்டார்கள்'. யாரோ, எவரோ, பலர். அந்த மறைவில் நின்றுகொண்டேன்.

ஆனால் அந்தச் சந்தில் 'எழுதிட்டா' என்றால் 'அவள் எழுதிவிட்டாள்'. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒரு பெரியவர் முன்னால் வந்தார். "என்ன சார் சொல்லுதீக? ஆபீஸுக்கு வந்து இவளா எழுதுனா? இவளுக்கு எழுதத் தெரியாதே." சாகேப்பின் இந்தியில் 'கையெழுத்து' மட்டும் பிடிபட்ட ஒரு பெண் குரல் பின்னாலிருந்து, "பாத்தியா, கையெழுத்து வேற போட்டிருக்கா" என்றது.

கதீஜா பீவி துணி சுற்றின கை இரண்டையும் மார்போடு சேர்த்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தக் கண்ணை என்னால் தாங்க முடியவில்லை.

"அவங்க இல்லை" என்றேன். அந்த ஊர்ப் பேச்சுக்கு மாறி, ஒவ்வொரு வார்த்தையாக, எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்தம்மா கடல் ஏறும்னு சொன்னாங்க. ஓதம்னு சொன்னாங்க. எனக்கு அது புரியல. தப்பா எழுதினது நான். நான்தான்."

அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். அந்தப் பெரியவர் கதீஜா பீவியைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். முதலில் ஒரு பெண், பிறகு இன்னொருத்தி, நகர்ந்து அவள் பக்கத்தில் போய் நின்றார்கள்.

பேச்சியம்மாள் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். என் குரலைக் கேட்டு நிமிர்ந்தாள் என்று நினைக்கிறேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் தாள் போர்த்தி, தூக்குவாளியோடு நின்ற முகம்.

"சார்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "ஜீப்புல இருந்தது நீங்கதான? நான் வீட்டப் பூட்டுறதுக்கு முன்னால ஓடியாந்து ஒங்ககிட்டதான கேட்டேன், எங்க சந்துக்கும் உண்டுமான்னு. இல்லம்மா, தைரியமா போங்கன்னு சொன்னீங்கள்லா?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கானோல்கருக்குத் தெரியாது. அவர் என் பக்கம் குனிந்தார்.

"கியா போல் ரஹீ ஹை?"

அங்கே தமிழும் இந்தியும் சரளமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவள் சொன்னதை, பூட்டையும், தைரியமாகப் போங்கள் என்பதையும், ஒரு வார்த்தை விடாமல் அவருக்கு இந்தியில் சொன்னேன்.